கூரை யாருடையது?

அண்மைக் காலமாக நமது மாணவரின் செவிகளில் இடையறாது ஓதப்படும் உபதேசம் ஒன்றுண்டு. பிறரிடம் வேலை கேட்டு நிற்காதே; நீயே தொழில் தொடங்கு; முயற்சியாளனாகு என்பதே அது. பரிசளிப்பு விழா மேடைகளிலும் தொழில் வழிகாட்டற் கருத்தரங்குகளிலும் இதனைக் கேளாத ஆசிரியர் அரியர். பணமில்லையே, இடமில்லையே என்று மாணவன் தயங்கினால் அதற்கும் விடை ஆயத்தமாக இருக்கிறது. பெருநகரங்களிலே 'கோவேர்க்கிங்' என வழங்கும் கூட்டுப் பணியகங்கள் தோன்றியுள்ளன. மாத வாடகைக்கு ஒரு மேசையும் நாற்காலியும் இணைய வசதியும் அங்கே கிடைக்கும். ஒருவரையொருவர் முன்பின் அறியாத பலர் அருகருகே அமர்ந்து தத்தம் தொழிலைப் பார்ப்பர். அவ்வாறு அமர்வதனாலேயே ஒத்துழைப்பும் புத்தாக்கமும் பிறக்கும் என்பர். கொழும்பிலும் இத்தகைய நிலையங்கள் இயங்கி வருகின்றன.

இப்பணியகங்களை இணைய யுகத்தின் புதுமைகள் என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். மேசைமேலுள்ள கணினி புதியது, ஒழுங்கோ பழையது. தனித்தனியே தொழில் செய்து பிழைக்கும் பலர் ஒரே கூரையின் கீழ் இடம் பிடித்து, தத்தம் பொறுப்பில் தத்தம் வேலையைச் செய்தல் மேற்குலகில் 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறுடையது. லண்டனின் கோப்பிச்சாலையிலும், ஷெபீல்ட் நகரின் சாணைக்கூடங்களிலும், நமது காலத்துச் சான்பிரான்சிஸ்கோவிலும் நியூயோர்க்கிலும் அது வெவ்வேறு கோலங் கொண்டது. இக்கோலங்களை வரிசையாக வைத்து நோக்குவோமாயின், ஒத்துழைப்பு என்ற சொல்லின் பின்னே மறைந்து நிற்கும் வினா ஒன்று வெளிப்படும். பலர் கூடியிருக்கும் கூரை யாருடையது? அங்கு கூடியோர் ஒருவர்க்கொருவர் துணையாயினரா, போட்டியாயினரா என்பதை இவ்வினாவின் விடையே பெரிதும் நிர்ணயித்தது என்பது நமது கருத்து.

முதலில் லண்டனை நோக்குவோம். 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நகரத்து வணிகர் பலருக்குக் கோப்பிச்சாலையே கந்தோராக விளங்கியது. எட்வேர்ட் லொயிட் என்பவர் ரவர் வீதியில் நடத்திய கோப்பிச்சாலை 1688 அளவில் பெயர் பெற்றிருந்தது. 1691 இல் அது லொம்பார்ட் வீதிக்கு இடம் மாறிற்று. கப்பற் சொந்தக்காரரும் மாலுமித் தலைவரும் வணிகரும் அங்கே கூடினர். கோப்பியின் விலையைக் கொடுத்தவருக்கு அமர இடம் கிடைத்தது. அதனினும் மேலாகக் கப்பற் செய்தி கிடைத்தது. எந்தக் கப்பல் எந்தத் துறையை அடைந்தது, எது புயலில் அகப்பட்டது என்ற செய்தியே அங்கு கூடியோரின் மூலதனம்.

கப்பற் காப்புறுதி இச்சாலையிலே வளர்ந்தது. ஒரு கப்பல் முழுவதன் நட்டத்தையும் ஒருவர் தாங்குதல் அரிது. ஆகவே காப்பீட்டின் விவரத்தை ஒரு தாளில் எழுதி ஆளுக்கு ஆள் காட்டுவர். ஒவ்வொருவரும் தாம் ஏற்கும் பங்கைக் குறித்து அதன் கீழே கையொப்பமிடுவர். தம்முட் போட்டியிடுவோரே ஓர் ஆபத்தைப் பகிர்ந்து கொள்ளும் இவ்வழக்கத்தை, அவர்கள் ஒரே அறையில் கூடியிருந்தமை எளிதாக்கியது. லொயிட் தாம் காப்புறுதி செய்தவரல்லர். இடமும் கோப்பியும் செய்தியும் விற்றவர். 1713 இல் அவர் இறந்த பின்னரும் சாலை அவர் பெயராலேயே நிலைத்தது.

இடம் ஒருவரிடத்தும், அவ்விடத்துக்கு மதிப்பை ஆக்கும் உழைப்பு வேறு பலரிடத்தும் இருந்த இந்நிலை முடிவில்லாது நீடிக்கவில்லை. 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி கழிந்த பின் லொயிட் சாலையில் சூதாட்டக் காப்புறுதி மலிந்தது. அதனை வெறுத்தோர் 1769 இல் பிரிந்து 'புதிய லொயிட்' என வேறொரு சாலையை அமைத்தனர். அவ்விடமும் போதாமையால், 1771 இல் 79 பேர் ஆளுக்கு 100 பவுண் வீதம் செலுத்தி, தம்முள் ஒரு குழுவைத் தெரிந்து, தமக்கென இடம் தேடத் தொடங்கினர். 1774 இல் அவர்கள் அரச வணிக மாளிகையில் அறைகள் பெற்றுக் குடிபுகுந்தனர். கோப்பி வாங்கி அமர்ந்திருந்தோர் இடத்தின் ஆட்சியைத் தம் கைக்கு மாற்றிக் கொண்டனர்.

கூட்டு ஆட்சி என்றவுடன் நாம் கைதட்டிவிடுதல் ஆகாது. அக்காலத்தில் அட்லாந்திக் சமுத்திரத்தைக் கடந்த அடிமைக் கப்பல்களும் அங்கே காப்புறுதி பெற்றன. பிரித்தானியா 1807 இல் அடிமை வாணிகத்தைச் சட்டத்தால் ஒழிக்கும்வரை அவ்வருவாய் தொடர்ந்தது. 2020 இல் லொயிட் நிறுவனம் அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது. கப்பலின் அடியறையில் விலங்கிடப்பட்டுக் கிடந்த ஆபிரிக்கர் அக்கூட்டின் கணக்கில் மனிதரல்லர்; சரக்கு. ஆகவே, கூரை யாருடையது என்ற வினாவோடு, அக்கூட்டுக்குப் புறத்தே நிறுத்தப்பட்டவர் யார் என்ற வினாவையும் நாம் இணைத்தே கேட்டல் வேண்டும்.

100 பவுண் எடுத்து வைக்க வல்ல வணிகர் தமது கூரையின் ஆட்சியை இவ்வாறு பெற்றனர். அவ்வளவு பணத்தைக் கண்ணாலும் காணாத உழைப்பாளர் கூடிய இடத்தில் நிகழ்ந்தது யாது? வட இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரம் அதற்கு விடை கூறும்.

ஷெபீல்ட் கத்தித் தொழிலுக்குப் பேர்போன ஊர். டொன், ஷீவ், போர்ட்டர், லொக்ஸ்லி, றிவெலின் என்னும் ஐந்து ஆறுகளின் வேகம் நீர்ச்சக்கரங்களைச் சுழற்றியது. நீர்ச்சக்கரங்கள் சாணைக்கற்களைச் சுழற்றின. 1624 இல் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்ட கத்தித் தொழிலோர் கழகம், யார் தொழில் பயிலலாம், யார் தொழில் நடத்தலாம் என்பதைக் கட்டுப்படுத்தி வந்தது. 1814 இல் மற்றொரு சட்டம் அக்கட்டுகளை அவிழ்த்துவிட்டது. அதன்பின் எவரும் தொழில் தொடங்கலாம் என்றாயிற்று. இன்று மேடைகளில் முழங்கும் முயற்சியாண்மை உபதேசத்தை ஷெபீல்ட் நகரத்தார் அன்றே சட்டவடிவில் பெற்றுவிட்டனர் எனலாம்.

இதற்கிடையே நீராவி வந்து சேர்ந்தது. 1786 இல் ஷெபீல்டின் முதலாவது நீராவிச் சாணைக்கூடம் எழுந்தது. நீராவி இயந்திரத்தை விலைக்கு வாங்கும் வல்லமை சாணைத் தொழிலாளிக்கு இல்லை. ஆகவே, முதல் படைத்தோர் பெருங் கட்டடம் எழுப்பி, அதில் ஓர் இயந்திரத்தை நிறுவி, சுழல்தண்டுகளும் பட்டிகளும் வழியாக அதன் விசையை அறைதோறும் செலுத்தி, சாணை பிடிக்கும் ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே வாடகைக்கு விட்டனர். அத்தகைய கட்டடத்தை ஊரார் 'பொதுச் சக்கரம்' என்றனர். கல் சுழலும் நீர்த்தொட்டியின் பெயராலே ஒருவர் அமரும் இடம் 'தொட்டி' எனப்பட்டது. தொட்டி வாடகை கொடுத்தவருக்கு இடமும் இயந்திர விசையும் கிடைத்தன. கல்லும் பட்டியும் கருவிகளும் அவருடைய பொறுப்பு. இன்று மேசைக்கு வாடகை கொடுத்து, தம் கணினியைத் தாமே கொண்டுவந்து அமரும் இளைஞரின் மூதாதையர் இவரே.

தொட்டி பிடித்துத் தம் பெயரில் தொழில் செய்தவரை ஊரார் 'சின்ன எசமான்' என அழைத்தனர். பெயரில் எசமான், வாழ்விலோ அவ்வுரிமை நாளுக்கு நாள் மாறியது. வேலை மிகுந்த காலத்தில் ஓரிருவரைத் தம்மிடம் வைத்து வேலை வாங்குவார். வேலை குறைந்தபோது தாமே வேறொருவரிடம் கூலிக்குச் செல்வார். கத்தியை ஒருவர் காய்ச்சி அடிப்பார், மற்றொருவர் சாணை பிடிப்பார், வேறொருவர் பிடியிடுவார். முடிந்த பொருளை வாங்கித் தூரதேசங்களுக்கு அனுப்பியவர் வணிகர். விலையை நிர்ணயித்தவரும் அவரே. சந்தை சுருங்கியபோது, ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்த தொட்டியில் அமர்ந்திருந்தோர் ஒருவரிலும் ஒருவர் குறைந்த விலைக்கு வேலையை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. தொழில் தொடங்குதல் எளிதாயிற்று. தொழிலில் நிலைத்தல் அரிதாயிற்று. வேலை இருந்தாலும் இல்லாவிடினும் இடத்துக்கு வாடகை வசூலித்த கட்டடக்காரருக்கு இப்போட்டியினால் இழப்பு உண்டாகவில்லை.

வாடகையினும் கொடியது ஒன்று அக்கூடங்களில் இருந்தது. அது தூசி. ஆற்றங்கரையில் நீர்ச்சக்கரத்தை நம்பி வேலை செய்த நாளில், கோடையில் நீர் வற்றும்போது கற்கள் நின்றுவிடும். தொழிலாளர் வெளிக்காற்றில் உலாவுவர். நீராவி இயந்திரத்துக்குக் கோடையுமில்லை, மாரியுமில்லை. நகரத்தின் நடுவே, நெருக்கமான அறைகளில், ஆண்டு முழுவதும் கற்கள் சுழன்றன. கல்லின் பொடியும் உருக்கின் பொடியும் நுரையீரலை அரித்தன. முள்ளுக்கரண்டி போன்றவற்றை நீரின்றி உலர்ந்த கல்லில் தேய்ப்போரே மிகுதியாக மடிந்தனர். உலர்கல்லில் வேலை செய்வோர் சராசரியாக 35 வயதைத் தாண்டுதல் அரிது என்றும், ஈரக்கல்லில் வேலை செய்வோர் 45 வயதைத் தாண்டுதல் அரிது என்றும் ஷெபீல்ட் வைத்தியர் நைட் தெரிவித்ததை, 1845 இல் வெளிவந்த இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை பற்றிய நூலில் ஏங்கெல்ஸ் எடுத்துக் காட்டியுள்ளார்.

தூசியை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. ஆயினும் அதனைப் பொருத்துவது யார் கடன்? கட்டடக்காரர் இடமும் விசையும் மட்டுமே விற்றவர்; உள்ளே எழும் தூசி வாடகையாளரின் தொழிலாற் பிறந்தது. வாடகையாளருக்கோ கட்டடம் தம்முடையதன்று. வேலை கொடுத்த வணிகருக்குச் சாணைக்காரர் தம் தொழிலாளியல்லர், சுயாதீனமான ஒரு சின்ன எசமான். மூவர் கைமாறிய பொறுப்பு ஒருவரிடத்தும் தங்கவில்லை. விசிறியால் ஆயுள் நீண்டால் தொழிலுக்கு ஆள் பெருகிக் கூலி குறையும் என்று அஞ்சி, தொழிலாளர் சிலரே விசிறிகளை உடைத்தனர் என்றும் ஏங்கெல்ஸ் குறிப்பிடுகிறார். அறியாமை என்று இதனைத் தள்ளிவிடுதல் எளிது. அடுத்த தொட்டிக்காரன் உயிரோடிருப்பதே தன் பிழைப்புக்கு இடையூறு என மனிதனை எண்ண வைத்த போட்டியின் கொடுமையை அல்லவா நாம் இதிற் காண வேண்டும்?

எனினும் கூரை அவர்களைப் பிரித்தது போலவே சேர்த்தும் வைத்தது. நாள் முழுவதும் ஒரே அறையில் ஒரே தூசியைச் சுவாசித்தோர் தமது நிலையை ஒப்பிட்டுப் பேச வாய்ப்புப் பெற்றனர். வாள் சாணை பிடிப்போர், அரம் சாணை பிடிப்போர், முள்ளுக்கரண்டி சாணை பிடிப்போர் எனப் பிரிவுதோறும் சங்கங்கள் எழுந்தன. விலை குறையாது காத்தலும், பயிலுநர் தொகையைக் கட்டுப்படுத்தலும், வேலையற்றோருக்கு உதவுதலும் அவற்றின் பணிகள். சங்கப் பணம் செலுத்தத் தவறியவரை வழிக்குக் கொண்டுவர அவர்கள் கையாண்ட முறை விசித்திரமானது. இரவில் அவரது கல்லைச் சுழற்றும் பட்டி மறைந்துவிடும். நிலுவையைச் செலுத்தினால் பட்டி திரும்ப வந்து சேரும். சங்கங்களுக்கு முழுமையான சட்டப் பாதுகாப்பு இல்லாத காலத்தில், பணத்தை நீதிமன்றத்தின் வழியாக வசூலிக்க வழியின்றி அவர்கள் கண்ட குறுக்குவழி அது.

குறுக்குவழி விரைவில் கொடுவழியாயிற்று. 1859 இல் ஜேம்ஸ் லின்லி என்னும் சாணைத் தொழிலாளர் சுடப்பட்டு மாண்டார். 1866 ஒக்டோபரில் மற்றொரு சாணைத் தொழிலாளியின் வீட்டில் வெடிமருந்து வெடித்தது. 1867 இல் அரசு அமைத்த ஆணைக்குழு ஷெபீல்டில் விசாரணை நடத்தியபோது, உண்மை கூறுவோருக்குத் தண்டனையில்லை என்ற உறுதியின் பேரில், வாள் சாணைத் தொழிலாளர் சங்கச் செயலாளர் வில்லியம் புறோட்ஹெட் இக்குற்றங்களுக்குத் தாம் பணம் கொடுத்தமையை ஒப்புக்கொண்டார். இவற்றை நியாயப்படுத்த நாம் முற்படவில்லை. சக தொழிலாளியைக் கொல்லும் சங்கம் தன் பெயருக்கே பகை. ஆயின், அன்றைய பத்திரிகைகள் துப்பாக்கியால் மாண்டவரைப் பற்றி எழுதிய அளவுக்குத் தூசியால் ஆண்டுதோறும் மாண்டவரைப் பற்றி எழுதினவா என்று வரலாற்று மாணவன் கேட்டல் தகும்.

இக்கொந்தளிப்பின் பின்னர் இரு சட்டங்கள் வந்தன. 1871 ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் சங்கங்களுக்குச் சட்டபூர்வமான நிலையையும் அவற்றின் நிதிக்குப் பாதுகாப்பையும் அளித்தது. மற்றது அவ்வளவாகப் பேசப்படாதது. நமது ஆய்வுக்கோ மிக வேண்டியது. ஒரே இயந்திர விசையைப் பெற்றுப் பல வாடகையாளர் தனித்தனியே தொழில் செய்யும் கட்டடங்களை, 1895 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தனி வகையாகப் பிரித்து, பாதுகாப்புக் கடமைகள் பலவற்றைக் கட்டடத்தின் உடைமையாளர்மீதே சுமத்தியது. 1901 ஆம் ஆண்டுச் சட்டம் கத்திச் சாணைக்கூடங்களுக்கெனச் சிறப்பு விதிகளையும் கொண்டிருந்தது. கூரையால் வருவாய் பெறுபவர் கூரையின் கீழ் நிகழ்வதற்கும் பொறுப்பாளி என்ற எளிய நீதியைச் சட்டம் ஏற்பதற்கு, முதலாவது நீராவிச் சாணைக்கூடம் எழுந்த நாளிலிருந்து 109 ஆண்டுகள் சென்றன.

இனி நமது காலத்துக்கு வருவோம். 2005 ஓகஸ்ட் 9 ஆம் திகதி, பிராட் நியூபேர்க் என்னும் கணினி நிரலாளர் சான்பிரான்சிஸ்கோவில், 'ஸ்பைரல் மியூஸ்' என்ற பெண்கள் கூட்டு இல்லமொன்றில், வாரத்தில் இரு நாட்களுக்கு இடம் பெற்று, முதலாவது கூட்டுப் பணியகத்தைத் தொடங்கினார். அவர் அதற்காகக் கொடுத்த வாடகை மாதம் 300 டொலர். கம்பனியில் வேலை செய்தால் தோழமை உண்டு, சுதந்திரமில்லை. வீட்டிலிருந்து தனியே வேலை செய்தால் சுதந்திரமுண்டு, தோழமை இல்லை. இரண்டையும் ஒருங்கே பெறுதல் இயலாதா என்பதே அவரது வினா. முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. பின்னர் ஒருவர் இருவராக வந்தனர். அவ்வெண்ணத்தைத் தம் தனிச் சொத்தாக்கிக் கொள்ளாது, விரும்பிய எவரும் எடுத்து நடத்தலாம் என அவர் விட்டமையால், அது நகரந்தோறும் பரவியது.

இம்முயற்சியின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. தனிமையில் உழைப்பவனுக்கு அயலவன் வேண்டும் என்பது உண்மையான தேவை. நமது நாட்டில் 2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட காலத்தில், மின்பிறப்பாக்கியும் இணையமும் உள்ள ஒரு பொது அறையின் அருமையை வீட்டிலிருந்து தொழில் செய்தோர் நன்கு உணர்ந்திருப்பர். ஆனால் உண்மையான தேவை எங்குளதோ, அங்கே அதனை விலைப்படுத்துவோரும் வந்து சேர்வர்.

2010 இல் அடம் நியூமன், மிகேல் மக்கெல்வி ஆகிய இருவர் நியூயோர்க்கில் ஒரு கம்பனியைத் தொடங்கினர். அதன் பெயர் 'வீவேர்க்'. தமிழிலே சொல்வதாயின், 'நாம் உழைக்கிறோம்'. பெருங் கட்டடங்களை நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து, அழகுபடுத்தி, மேசை மேசையாகக் குறுகிய கால வாடகைக்கு விடுதலே அதன் தொழில். ஷெபீல்டின் கட்டடக்காரராவது கட்டடமும் இயந்திரமும் வைத்திருந்தார்; இவர்களோ பிறர் கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்து மறுவாடகைக்கு விட்டனர். ஆயினும் அவர்கள் விற்றது மேசையை மட்டுமன்று. தோழமை, சமூகம், கூட்டு முயற்சி என்னும் சொற்களையும் மேசையோடு சேர்த்து விற்றனர். முதலீட்டாளரின் பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. 2019 ஜனவரியில் அக்கம்பனியின் மதிப்பு 47 பில்லியன் டொலர் எனக் கணிக்கப்பட்டது.

அவ்வாண்டு ஓகஸ்டில் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்க முற்பட்டபோதுதான் கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது. 2018 இல் அதன் வருவாய் ஏறக்குறைய 1.8 பில்லியன் டொலர், நட்டமோ 1.9 பில்லியன். எதிர்காலத்தில் கட்டடச் சொந்தக்காரர்களுக்குச் செலுத்தவேண்டியிருந்த குத்தகைக் கடப்பாடு ஏறக்குறைய 47 பில்லியன். வாடகையாளரிடமிருந்து உறுதியாக வரவிருந்ததோ 4 பில்லியன் அளவுதான். குத்தகைகள் நெடுங்காலத்துக்குரியன, அமெரிக்காவில் அவற்றின் சராசரிக் காலம் ஏறத்தாழ 15 ஆண்டுகள். மேசை வாடகையாளரோ சில மாதங்களில் எழுந்து போய்விடலாம். தலைவர் நியூமன், தாம் பங்குடைமை கொண்டிருந்த கட்டடங்கள் சிலவற்றையே தம் கம்பனிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார் என்பதும் அக்கணக்கிலே தெரிய வந்தது.

எல்லாவற்றையும் விஞ்சிய செய்தி ஒன்றுண்டு. 'நாம்' என்று பொருள்படும் 'வீ' என்ற சொல்லின் வணிக உரிமைக்காக, நியூமனோடு தொடர்புடைய நிறுவனத்துக்குக் கம்பனி 5.9 மில்லியன் டொலர் பெறுமதியான பங்குகளைக் கொடுத்திருந்தது. கண்டனம் எழுந்த பின் அவர் அதனைத் திருப்பி அளித்தார். மனிதன் மனிதனோடு சேர்ந்து நிற்கும்போது வாயில் எழும் அந்தச் சிறு சொல்லுக்கும் உடைமையாளர் ஒருவர் இருக்கலாம் என்று கருதும் அளவுக்கு ஒரு சமுதாய அமைப்பு முதிர்ந்துவிட்டது. இந்த 'நாம்' என்பதற்குள் அனைவரும் அடங்கவுமில்லை. 2015 இல் நியூயோர்க்கில், ஒப்பந்தக் கம்பனி ஒன்றின் வழியாக வீவேர்க் நிலையங்களைத் துப்புரவு செய்து வந்த தொழிலாளர் தொழிற்சங்கம் அமைக்க முற்பட்டனர். அவ்வொப்பந்தம் முடிவுக்கு வந்தபோது அவர்கள் அங்கே வேலையை இழந்தனர்.

பின் நிகழ்ந்தவை சுருக்கமானவை. 2019 செப்டெம்பரில் நியூமன் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். பங்கு விற்பனை கைவிடப்பட்டது. நவம்பரில் ஏறக்குறைய 2,400 ஊழியர் வேலைநீக்கப்பட்டனர். 2020 இல் கொள்ளைநோய் பணியகங்களை வெறிச்சோட வைத்தது. 2023 நவம்பரில் கம்பனி வங்குறோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றஞ் சென்றது. 2024 இல் குத்தகைகள் பலவற்றைக் கைவிட்டு, சுருங்கிய உருவில் அதிலிருந்து மீண்டது. நிலையங்கள் மூடப்பட்டபோது அங்கு மேசை வைத்திருந்த சின்ன எசமானருக்கு அதைத் தடுக்க ஒரு வாக்கும் இருக்கவில்லை. அவர்கள் உறுப்பினர் என அழைக்கப்பட்டனர். உண்மையிலோ வாடகையாளராகவே இருந்தனர்.

அவ்வாறாயின், உழைப்போர் தாம் கூடும் கூரையைத் தாமே ஆளுதல் கனவுதானா? இவ்வினாவுக்கு விடை தேடி நாம் மீண்டும் ஷெபீல்டுக்கே செல்ல வேண்டியிருக்கிறது. அந்நகரில் 1870 களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட 'போர்ட்லண்ட் வேர்க்ஸ்' என்னும் தொழிற்கூடம் உண்டு. துருப்பிடியாத உருக்கினால் மேசைக்கத்திகள் முதன்முதலில் செய்யப்பட்ட இடம் அது; ஆண்டு 1914. பின்னாளில் அது சிறு தொழிலாளர் பலர் அறை அறையாக வாடகைக்கு இருந்து வேலை செய்யும் இடமாயிற்று. கத்தி செய்வோர், வெள்ளி முலாம் பூசுவோர், செதுக்குவோர் ஆகியோரோடு ஓவியரும் இசைக்கலைஞரும் அங்கே இடம் பிடித்திருந்தனர். 2009 இல் கட்டடத்தின் உடைமையாளர் அதனை அடுக்குமாடி வீடுகளாக மாற்ற அனுமதி கோரினார். வாடகையாளரும் அயலாரும் எதிர்த்தனர். எதிர்த்ததோடு நில்லாது, சமூக நலச் சங்கமொன்றை அமைத்துப் பங்குகளை வெளியிட்டனர். 500 க்கு மேற்பட்டோர் பங்கு வாங்கினர். 2013 இல் கட்டடம் அவர்களின் பொது உடைமையாயிற்று. ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் அவருக்கு ஒரு வாக்கு மட்டுமே உண்டு.

ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற இந்நெறி திடீரென முளைத்ததன்று. 1844 டிசம்பர் 21 ஆம் திகதி, றொச்டேல் நகரில் 28 பேர் 28 பவுண் முதலோடு ஒரு சிறு கடையைத் திறந்தனர். மாவும் வெண்ணெயும் சீனியும் விற்ற அக்கடையே நவீன கூட்டுறவு இயக்கத்தின் நாற்றுமேடை. முதலுக்கு வாக்கில்லை, மனிதனுக்கே வாக்கு என்ற நெறியை அது நிலைநாட்டியது. அக்கூட்டுறவு இயக்கத்தின் கிளையொன்று 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழியாக இலங்கையிலும் ஊன்றப்பட்டது. நமது கிராமங்களில் கூட்டுறவுச் சங்கக் கடையைக் காணாது வளர்ந்தவர் எவருமில்லை. அச்சங்கங்கள் பல அரசியற் செல்வாக்காலும் ஊழலாலும் தளர்ந்தமை உண்மையே. ஆயினும் அவ்வேர் நம் மண்ணுக்கு அந்நியமானதன்று.

போர்ட்லண்ட் வேர்க்ஸ் சுவர்க்கம் என நாம் கூறவில்லை. பழங் கட்டடத்தின் கூரையைச் செப்பனிட அவர்களே பணம் தேட வேண்டும். உறுப்பினர் தம் ஓய்வு நேரத்தைக் கூட்டங்களில் செலவிட வேண்டும். சந்தைப் போட்டியும் அவர்களை விட்டுவிடாது. கூரையின் உடைமை மாறுவதனால் மட்டும் சமுதாயத்தின் உற்பத்தி உறவுகள் மாறிவிடா. லொயிட் சாலையின் 79 பேர் அதற்குச் சான்று. எனினும் ஒன்று உறுதி. தாம் வேலை செய்யும் இடத்தை விற்பதா, வைத்திருப்பதா, வாடகையை உயர்த்துவதா, தூசியை அகற்றுவதா என்ற தீர்மானத்தில் அங்கு உழைப்பவர்க்குப் பங்கு கிடைத்திருக்கிறது. நீராவிச் சாணைக்கூடத்தில் இருந்தவருக்கு அது கிடைக்கவில்லை. நியூயோர்க்கின் கண்ணாடி மாடியில் இருந்தவருக்கும் கிடைக்கவில்லை.

இன்று கொழும்பின் கூட்டுப் பணியகம் ஒன்றில் அமர்ந்து, கடல் கடந்த வாடிக்கையாளருக்குக் கணினியில் வேலை செய்யும் நம் பழைய மாணவன் தன்னை முயற்சியாளன் என்றே அழைத்துக் கொள்வான். அவனுடைய விலையைத் தூரத்திலுள்ள ஒருவர் நிர்ணயிக்கிறார். அடுத்த மேசைக்காரனே அவனுக்குப் போட்டியாகவும் இருக்கக்கூடும். கந்தோர் ஊழியருக்கு ஊழியர் சேமலாப நிதிக்கெனத் தொழில் கொள்வோர் சம்பளத்தில் 12 சதவீதம் செலுத்தச் சட்டமுண்டு; இவனுக்கோ செலுத்துவதற்குத் தொழில் கொள்வோரே இல்லை. நோயுற்றால் வருவாய் நிற்கும், வாடகை நில்லாது. தொட்டியில் அமர்ந்திருந்த சின்ன எசமானுக்கும் இவனுக்கும் இடையே தூசி நீங்கியது பெரிய முன்னேற்றமே. பொறுப்பு மூவர் கைமாறி ஒருவரிடத்தும் தங்காத நிலை மட்டும் நீங்கவில்லை.

ஆகவே, தொழில் தொடங்கு என்று மாணவனுக்குக் கூறும் ஆசிரியர், இவ்வரலாற்றையும் சேர்த்துக் கூறக் கடமைப்பட்டவர். அயலவனோடு அமர்வது நன்று. அவனுடைய விலையையும் வாடகையையும் கேட்டறிவது அதனினும் நன்று. இருவர் விலையும் ஒன்றாக நிற்கச் சங்கம் அமைப்பது, கூடுமானால் பலர் சேர்ந்து அவ்விடத்தையே கூட்டுறவாக எடுத்து நடத்துவது அனைத்தினும் நன்று. அதற்கு வேண்டிய சட்டமும் அனுபவமும் நம் நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உள்ளன. 1771 இல் லண்டன் வணிகர் தமக்காகச் செய்ததையும், 2013 இல் ஷெபீல்ட் தொழிலாளர் தம் அயலாரோடு சேர்ந்து செய்ததையும், நமது இளைஞர் செய்ய முடியாது என்று கூற வரலாற்றில் எக்காரணமும் இல்லை. செய்யும்போது, அவ்வறையைக் காலையில் கூட்டித் துடைப்பவரும் உறுப்பினராதல் வேண்டும்.